கார் ரிமோட் சாவி திடீர்னு வேலை செய்யலையா? செல் மாற்றுவது எப்படி... பழைய செல்லை என்ன செய்வது? முழு விவரம்

நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில். சனிக்கிழமை கூட்டத்தில் ஒரு வழியாக 32 அடி அனுமனை தரிசித்துவிட்டு, இரண்டு தெரு தள்ளி நிறுத்திய காருக்கு வருகிறீர்கள். ரிமோட்டை அமுக்கினால் சத்தமே இல்லை. இண்டிகேட்டர் கண் சிமிட்டவில்லை. கதவை ஒட்டி நின்று அமுக்கினாலும் அதே கதைதான். வீட்டில் அம்மா, கையில் பிரசாதம், வெயில் வேறு.

உடனே டோ வண்டிக்கு போன் போட வேண்டாம். பெரும்பாலும் தீர்ந்துபோயிருப்பது காரின் பேட்டரி அல்ல. ரிமோட்டுக்குள் இருக்கும், ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள செல்தான். அது தீர்ந்துவிட்டாலும் கதவைத் திறக்கலாம், வண்டியை ஸ்டார்ட் செய்யலாம். புது செல்லை வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். ஆனால் கழற்றிய பழைய செல்லை மேஜை மேல் அப்படியே விட்டுவிடக் கூடாது. இந்த வேலையில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் கதவைத் திறப்போம்

ஸ்மார்ட் கீ, அதாவது பாக்கெட்டில் இருந்தாலே கதவு திறக்கும் ரகம் வைத்திருப்பவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம், அதற்குள் ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. ரிமோட்டின் ஓரத்திலோ பின்பக்கத்திலோ ஒரு சின்ன பட்டன் அல்லது நெம்பும் பகுதி இருக்கும். அதை அழுத்திக்கொண்டு இழுத்தால் சாவி வெளியே வரும். டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியில் சாவித் துவாரம் இருக்கும். சில மாடல்களில் அது ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கும். அங்கே போட்டுத் திருப்பினால் கதவு திறந்துவிடும்.

இப்படித் திறக்கும்போது சில கார்களில் அலாரம் அலறும். தெருவே திரும்பிப் பார்க்கும். பதற வேண்டாம். உள்ளே உட்கார்ந்து வண்டி சாவியை அடையாளம் கண்டுகொண்டதும் அது தானாக நின்றுவிடும்.

சாவி போட்டுத் திருப்பும் காராக இருந்தால் வழக்கம்போல ஸ்டார்ட் செய்யலாம். புஷ் பட்டன் கார் என்றால் 'கீ இல்லை' என்று டிஸ்பிளேயில் காட்டலாம். அப்போது ஸ்மார்ட் கீயையே ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டினாற்போல் வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு அமுக்குங்கள். பெரும்பாலான கார்களில் இதுதான் வழி. சிலவற்றில் ரிமோட்டின் எந்த முனையை வைக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. வேறு சில கார்களில் கியருக்குப் பக்கத்திலோ கப் ஹோல்டரிலோ அதற்கென ஒரு இடம் இருக்கும். கார் வாங்கும்போது கொடுத்த ஓனர்ஸ் மேனுவலில் படத்தோடு போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தை இன்றே செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மேனுவல் இருப்பது பூட்டிய காருக்குள்தானே!

செல்லே இல்லாமல் எப்படி ஸ்டார்ட் ஆகிறது?

ஒரே ரிமோட்டுக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. கதவைத் திறக்க, மூட சிக்னல் அனுப்பும் ரேடியோ டிரான்ஸ்மிட்டர் ஒன்று. இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களில் இது 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. அதற்குத்தான் செல் தேவை. இன்னொன்று, இம்மொபிலைசர் சிப். திருட்டுச் சாவியால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் காவலாளி இது. இதற்கு சொந்தமாக பேட்டரி கிடையாது. ஸ்டார்ட் பட்டனைச் சுற்றியோ சாவித் துவாரத்தைச் சுற்றியோ இருக்கும் கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப்புலத்தில் இருந்தே தனக்கு வேண்டிய கொஞ்சூண்டு மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். மெட்ரோ ரயில் ஸ்மார்ட் கார்டில் பேட்டரி இல்லாமலே கேட் திறக்கிறது இல்லையா, கிட்டத்தட்ட அதே உத்திதான். அதனால்தான் சாவியை பட்டனுக்கு அவ்வளவு கிட்டே கொண்டுபோகச் சொல்கிறார்கள்.

பிரான்ஸின் ரெனோ நிறுவனம் 1982-ல் ஃபியூகோ காரில் ரிமோட் பூட்டைக் கொண்டுவந்த காலத்தில் இதெல்லாம் ஆடம்பரம். இன்று நடுத்தர விலை கார்களிலேயே சாதாரணமாகிவிட்டது. ('சாவி' என்ற சொல்லே போர்ச்சுகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்ததுதான். அது இப்போது 'கீ ஃபாப்' ஆகிவிட்டது. கடையில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் குழம்புவார்கள். 'கார் ரிமோட் செல்' என்றால் போதும்.)

ரிமோட் செல்லா, கார் பேட்டரியா?

செல் வாங்கும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். எளிய வழி, வீட்டில் பீரோவில் கிடக்கும் இரண்டாவது சாவி. அது வேலை செய்தால் பிரச்சினை முதல் ரிமோட்டில்தான். இரண்டுமே வேலை செய்யவில்லை என்றால் காரின் 12 வோல்ட் பேட்டரி மீது சந்தேகப்படலாம். இரும்புச் சாவியால் திறந்து, உள்ளே விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் ரிமோட்டுக்கு எத்தனை புது செல் போட்டாலும் பயனில்லை. ஜம்ப் ஸ்டார்ட்தான் வழி.

நங்கநல்லூர் போன்ற பகுதிகளில் இந்த இரண்டாவது பிரச்சினையும் சகஜம். பிள்ளைகளைப் பார்க்க மாதக்கணக்கில் வெளிநாடு போகும் பெரியவர்கள் இங்கே நிறைய. கார் கவர் போட்டபடி போர்டிகோவில் நிற்கும். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பேட்டரியும் படுத்திருக்கும்.

இன்னொரு விஷயம். டிவி ரிமோட்டை செல்போன் கேமரா முன் அமுக்கி, ஒளி தெரிகிறதா என்று பார்ப்போமே, அந்த சோதனை இங்கே செல்லாது. அது அகச்சிவப்பு ஒளி, இது ரேடியோ அலை. கேமராவுக்குத் தெரியாது.

'பக்கத்திலேயே மீனம்பாக்கம் ஏர்போர்ட், அந்த சிக்னல்தான் கெடுக்குது' என்று சொல்பவர்களும் உண்டு. விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்ளும் அலைவரிசை 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. கார் ரிமோட் 433. இரண்டுக்கும் வெகுதூரம். வீட்டு வாசலில் மாட்டிய மலிவு விலை வயர்லெஸ் காலிங் பெல்லை வேண்டுமானால் சந்தேகப்படலாம். அவற்றில் பலவும் இதே 433-ல்தான் வேலை செய்கின்றன. குறிப்பிட்ட ஒரு இடத்தில் மட்டும் ரிமோட் முரண்டு பிடித்து, வேறு தெருவில் ஒழுங்காக வேலை செய்தால் காரணம் செல் அல்ல, சுற்றுப்புறம்.

முன்கூட்டியே தெரியுமா? தெரியும். முன்பு தெருமுனையில் இருந்தே திறந்த கதவு, இப்போது பக்கத்தில் போனால்தான் திறக்கிறது என்றால் செல் பலவீனமாகிவிட்டது. டிஸ்பிளேயில் 'கீ பேட்டரி லோ' என்று வந்தால் இன்னும் தெளிவு. லித்தியம் செல்லின் குணம் என்னவென்றால், அது கடைசி வரை கிட்டத்தட்ட ஒரே அளவு வோல்ட்டேஜ் கொடுத்துவிட்டு, முடிவில் சட்டென்று சரியும். அதனால் எச்சரிக்கை வந்த பிறகு 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். அவசரத்துக்கு ஒரு உத்தி: ரிமோட்டை தாடையில் ஒட்டி வைத்து அமுக்கினால் சிக்னல் கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். தலையில் உள்ள நீர்ச்சத்து ஆண்டெனா போல உதவுகிறது. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வேலை செய்யும்.

எந்த செல் வாங்க வேண்டும்?

ரிமோட்டைத் திறந்து பழைய செல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதே எண்ணை வாங்குங்கள். இன்றைய ஸ்மார்ட் கீகளில் அதிகம் இருப்பது சி.ஆர். 2032. பழைய அல்லது சிறிய ரிமோட்டுகளில் 2025, 2016, 1632, 1620 என்று வேறு எண்கள் இருக்கலாம்.

அந்த எண்ணில் ரகசியம் எதுவும் இல்லை. முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்த இரண்டும் தடிமன். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்றால் அதே அகலம், தடிமன் மட்டும் 2.5. எல்லாமே 3 வோல்ட்தான். 'அதே சைஸ்தான் சார், இது போதும்' என்று 2032 இடத்தில் 2025-ஐ கடைக்காரர் கொடுத்தால் வாங்காதீர்கள். உள்ளே லொடலொடவென ஆடும், தொடர்பு விட்டு விட்டு வரும். எல்.ஐ.ஆர். 2032 என்று போட்டிருப்பது ரீசார்ஜ் ரகம். அளவு ஒன்றுதான், ஆனால் வோல்ட்டேஜ் அதிகம். அதுவும் வேண்டாம்.

மார்க்கெட் பக்கம் உள்ள வாட்ச் கடை, மெடிக்கல் ஷாப், சூப்பர் மார்க்கெட் எங்கும் கிடைக்கும். விலை பெரும்பாலும் 50 முதல் 150 ரூபாய்க்குள்தான். மொத்தமாக வேண்டுமென்றால் ரிச்சி தெரு, ரிமோட்டின் வெளி உறையே உடைந்துவிட்டது என்றால் ஜி.பி. ரோடு. அட்டையில் சீல் வைத்து, காலாவதி ஆண்டு அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். டப்பாவில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு உதிரியாகக் கிடக்கும் செல் வேண்டாம். அது அங்கேயே பாதி தீர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

திறக்கும்போது கவனம்

தரையில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். சின்னப் பாகம் ஏதாவது தெறித்தால் கண்டுபிடிக்கலாம். இரும்புச் சாவியை வெளியே எடுத்ததும் அந்த இடுக்கில் ஒரு பிளவு தெரியும். தட்டை ஸ்க்ரூ டிரைவரின் முனையில் துணியோ டேப்போ சுற்றி, அங்கே வைத்து மெதுவாகத் திருப்பினால் 'டக்' என்று இரண்டாகப் பிரியும். முரட்டுத்தனமாக நெம்பினால் கிளிப் உடைந்துவிடும். சில ரிமோட்டுகளில் சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைக் கவனிக்காமல் நெம்பி உடைப்பவர்கள்தான் அதிகம்.

திறந்தவுடன் முதல் வேலை, செல்லின் பிளஸ் குறி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று ஒரு போட்டோ. பிறகு பழையதை பிளாஸ்டிக் குச்சியாலோ நகத்தாலோ எடுங்கள். இரும்பு இடுக்கி இரண்டு பக்கமும் பட்டால் ஷார்ட் ஆகும். புது செல்லை ஓரத்தைப் பிடித்து, அதே பக்கமாக வையுங்கள். விரல் வியர்வை பட்டிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். செல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய தகடுகளை வளைக்காதீர்கள். தண்ணீர் புகாமல் இருக்க உள்ளே சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் இருந்தால் அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள்.

இங்கே ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய மாடல் மடக்குச் சாவிகள் சிலவற்றில் அந்த இம்மொபிலைசர் சிப் சர்க்யூட் போர்டில் ஒட்டியிருக்காது. அரிசி அளவுக்கு அல்லது அதைவிடச் சற்றுப் பெரிதாக, தனித் துண்டாக ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும். உறையைத் திறக்கும்போது அது நழுவி விழுந்து, குப்பையென்று பெருக்கித் தள்ளப்பட்டால் அவ்வளவுதான். கதவு திறக்கும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. புதுச் சாவி செய்து காரோடு இணைக்க ஆயிரக்கணக்கில் செலவாகும். 100 ரூபாய் வேலையை அப்படிப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டாமே. தனித் துண்டு ஏதாவது தெரிந்தால் கை வைக்காமல் சாவிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவதே மேல்.

'செல்லைக் கழற்றினால் ரிமோட் மறந்துடுமா?' என்று பலர் கேட்கிறார்கள். பொதுவாக மறக்காது. ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் புதுப்புது குறியீடு போகும். எத்தனையாவது என்ற கணக்கு, மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில் இருக்கும். மாற்றியபின்னும் கதவு திறக்கவில்லை என்றால் முதலில் செல் தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால், மேனுவலில் உள்ளபடி மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். குறைந்த எண்ணிக்கையிலான மாடல்களில்தான் இது தேவைப்படும்.

சீக்கிரமே தீர்ந்துபோகிறதே?

சாதாரணமாக ஒரு செல் ஓரிரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் வரும். சில மாதங்களிலேயே தீர்ந்தால் சாவியை எங்கே மாட்டுகிறீர்கள் என்று யோசியுங்கள். ஸ்மார்ட் கீ சும்மா இருந்தாலும் காரின் அழைப்புக்குக் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும். போர்டிகோவில் கார், கதவுக்கு உள்பக்கம் ஆணியில் சாவி என்றால் இரண்டும் அடிக்கடி பேசிக்கொண்டே இருக்க வாய்ப்பு உண்டு. டிவி, கம்ப்யூட்டர், செல்போன் சார்ஜர் பக்கத்தில் வைப்பதும் செல்லைக் குறைக்கும். உள் அறையில் ஒரு சில்வர் டப்பாவுக்குள் மூடி வையுங்கள். சாவியின் சிக்னலை வெளியில் இருந்து இழுத்து நீட்டி கார் திருடும் கும்பலிடம் இருந்தும் அது காப்பாற்றும்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையிலோ பழவந்தாங்கல் சுரங்கப்பாதையிலோ இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தவர்களின் பாக்கெட்டில் ரிமோட்டும் குளித்திருக்கும். உடனே திறந்து செல்லைக் கழற்றிவிடுங்கள். ஈரத்தோடு செல் இருந்தால்தான் சர்க்யூட் அரிக்கும். நன்றாக உலர்ந்த பிறகு புது செல் போடலாம்.

பழைய செல்: வீட்டில் குழந்தை இருந்தால் கட்டாயம் படியுங்கள்

கழற்றிய செல்லை 'தீர்ந்துபோனதுதானே' என்று அலமாரியில் வைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ரிமோட்டை இயக்க சக்தி இல்லாத செல்லிலும், குழந்தையின் உணவுக்குழாயைப் பொசுக்கப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும். மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது இந்த 20 மில்லிமீட்டர் லித்தியம் செல்லைத்தான். சின்னக் குழந்தையின் தொண்டைக்குக் கீழே சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு இது.

செல் உடைந்து உள்ளிருக்கும் ரசாயனம் கசிவதால் ஆபத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது மட்டுமல்ல. செல்லின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஈரமான சதை பட்டதும் மின்சாரம் பாயத் தொடங்குகிறது. அதனால் அந்த இடத்திலேயே கடுமையான காரம் உருவாகி திசுவை அரிக்கிறது. 2 மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்படலாம். செல்லை வெளியே எடுத்த பிறகும் அந்தப் புண் ஆழமாகிக்கொண்டே போகலாம். அமெரிக்காவில் ரிமோட் ஒன்றின் பட்டன் செல்லை விழுங்கி 18 மாதக் குழந்தை உயிரிழந்த பிறகு, 2022-ல் 'ரீஸ் சட்டம்' என்று அந்தக் குழந்தையின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. செல் வைக்கும் இடத்தைக் குழந்தைகள் எளிதில் திறக்க முடியாதபடி வீட்டுப் பொருட்களைத் தயாரிக்க வேண்டும் என்கிறது அது. நம் கார் சாவியோ ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பினால் திறந்துவிடுகிறது. குழந்தை அழுதால் நாம் முதலில் கையில் கொடுப்பதும் அதே சாவியைத்தான்.

விழுங்கியதை யாரும் பார்க்காமல் இருக்கலாம். எச்சில் ஒழுகுவது, இருமல், சாப்பிட மறுப்பது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுவது போன்றவை அறிகுறிகள். எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கும். கழற்றி வைத்த செல் காணவில்லை, குழந்தை பக்கத்தில் இருந்தது என்ற சந்தேகம் மட்டுமே போதும், கிளம்புங்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது எண்டோஸ்கோப்பி வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. 'பட்டன் பேட்டரியா இருக்கலாம்' என்ற வார்த்தையை வாசலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் இது நாணயம் போலவே தெரியும். ஓரத்தில் இரட்டை வளையம் தெரிகிறதா என்று பார்த்துத்தான் வித்தியாசம் கண்டுபிடிக்கிறார்கள். நாணயம் என்றால் சில நேரம் காத்திருக்கலாம், செல் என்றால் ஒரு நிமிடமும் கூடாது.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம், சோறு உருண்டை கொடுத்து 'உள்ளே தள்ளும்' வைத்தியம் கூடவே கூடாது. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் தரலாம் என்று அமெரிக்க விஷ முறிவு மையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதிகபட்சம் ஆறு முறை. செல்லின் மேல் தேன் படிந்து அரிப்பை மெதுவாக்கும். தேனைத் தேடிக் கடைக்குப் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது, வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் தரவே கூடாது. மூக்கிலோ காதிலோ செல்லைச் செருகிக்கொண்டாலும் இதே அவசரம்தான். அங்கே சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள்.

குழந்தை வாயில் வைத்தவுடன் துப்பிவிட வேண்டும் என்பதற்காக சில நிறுவனங்கள் 2032 செல்லின் மேல் கசப்புப் பூச்சு பூசி விற்கின்றன. நல்ல யோசனை. ஆனால் அந்தப் பூச்சு சில கருவிகளில் மின் தொடர்பைத் தடுக்கும். ஆப்பிள் நிறுவனமே தன் ஏர்டேக்குக்கு அப்படி ஓர் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. உங்கள் ரிமோட்டில் புது செல் போட்டும் உயிர் வரவில்லை என்றால் இதுவும் காரணமாக இருக்கலாம். கசப்புப் பூச்சு இருக்கிறதே என்று மேஜையில் விட்டுவைப்பதும் தவறு. எல்லாக் குழந்தையும் துப்பிவிடாது.

எங்கே போடுவது?

கழற்றிய கையோடு செல்லின் இரண்டு பக்கமும் மூடும்படி செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். குப்பையில் மற்ற உலோகத்தோடு உரசி சூடாகாமல் இருக்கும். குழந்தைக்கு எட்டாத ஒரு மூடி போட்ட டப்பாவில் போட்டு வையுங்கள். பயன்படுத்திய பேட்டரிகளை 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயகரக் கழிவு என்று வகைப்படுத்தியிருந்தன. மக்கும் குப்பையோடும் மக்காத குப்பையோடும் சேர்க்கக் கூடாது. நங்கநல்லூர் சென்னை மாநகராட்சியின் 12-வது மண்டலமான ஆலந்தூரில் வருகிறது. வீட்டுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் 'இதுல பேட்டரி இருக்கு' என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர் கையில் சொல்லாமல் திணித்துவிடாதீர்கள், அவர் வீட்டிலும் குழந்தை இருக்கலாம்.